பிரசவ வகுப்பின் முதல் மாணவர்

"வலி வருது. இப்ப மூச்சை மெதுவா இழு" என்று என் கணவர் என் காதோரம் சொன்னதும், எதிரே மெத்தைகளில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள் எல்லோரும் என்னோடு சேர்ந்து மூச்சை இழுத்தார்கள். எனக்கு வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. காலையில் அவசரமாகத் தின்ற ரொட்டி நெஞ்சில் நின்றிருந்தது, அவ்வளவுதான். அவர் எனக்குப் பின்னால் மண்டியிட்டு, இடுப்புக்குச் சற்று மேலே உள்ளங்கையை வைத்துப் பதமாக அழுத்தினார். "பாருங்க, விரலால குத்தக் கூடாது. உள்ளங்கை. அவங்க போதும்னு சொல்ற வரைக்கும் கையை எடுக்கவே கூடாது. நாம இங்கதான் இருக்கோம்னு அவங்க முதுகுக்குத் தெரியணும்." கடைசி வரியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். முன்வரிசையில் ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் புருஷன், இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்கிற முகத்தோடு அவள் முதுகில் இடம் தேடிக்கொண்டிருந்தான். சுவரோரம் நின்ற டீச்சர் கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் ரொட்டியை விழுங்கிக்கொண்டு சிரித்தேன். சிரிக்க வேண்டும் என்று முதல் வாரமே எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

என் கணவர் வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் ஒரு பெரிய கடையில் டெமோ காட்டுகிறவர். கடையில் அவருக்குப் பெயரே டெமோதான்; சம்பள நாளில் மட்டும்தான் சொந்தப் பெயரால் கூப்பிடுவார்களாம். மாவைக் கைநிறைய அள்ளித் தரைவிரிப்பில் இறைப்பார். கூட்டம் 'ஐயோ' என்னும். வேக்குவம் கிளீனரை ஓர் இழுப்பு இழுப்பார், மாவு இருந்த தடமே இருக்காது. "உங்க வீட்டம்மா இடுப்பை இனிமே நீங்கதான் காப்பாத்தணும் சார்" என்பார். சார்கள் உருகிப்போய் கார்டை நீட்டுவார்கள். அதே மனிதருக்கு எங்கள் வீட்டில் துடைப்பம் எந்த மூலையில் இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது. கல்யாணமான புதிதில் இது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. கடையில் பெருக்கினால் சம்பளம், வீட்டில் பெருக்கினால் யார் கொடுப்பார்கள் என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எனக்கு வேலை ஒரு துணிக்கடையின் கீழ்த்தளத்தில், ஆல்டரேஷன் பிரிவில். பேன்ட்டுக்கு நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, பிரிப்பது. இடுப்பளவில் பொய் சொல்லாத ஆம்பளையை நான் பார்த்ததில்லை. டேப்பை எடுத்ததும் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார்கள். அளவைச் சொன்னால் அப்படி இருக்காதே என்று முகத்தைச் சுளிப்பார்கள். நான் வாக்குவாதம் செய்ய மாட்டேன். சரி சார் என்று சொல்லிவிட்டு, அவர்களுக்குத் தெரியாமல் ஓர் அங்குலம் விட்டுத் தைத்துக் கொடுத்துவிடுவேன். போட்டுப் பார்த்துவிட்டு, நான்தான் சொன்னேனே என்று பெருமையாகப் போவார்கள். என் கணவரிடமும் நான் அப்படித்தான் இருந்தேன். அவர் எக்கிக்கொண்டு நின்ற இடத்திலெல்லாம் நான் ஓர் அங்குலம் விட்டுத் தைத்தேன்.

முதல் பிள்ளை அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தது. பிறந்தது என்று சொல்லலாமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அது அழவில்லை. அழும் அழும் என்று நான் காத்துக்கொண்டு கிடந்தேன். அந்த அறையில் என்னைச் சுற்றி நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவர் முகமும் எனக்குத் தெரிந்த முகம் இல்லை. யாரோ ஓர் அம்மா துணியில் சுற்றி, "பாக்கறியா?" என்று கேட்டார். நான் பார்த்தேன். மூக்கு என் கணவர் மூக்கு. இதைப் பக்கத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது, பாருங்கள், உங்கள் மூக்கு என்று. வெளியே போய் அவரைக் கூப்பிட்டார்கள், அவர் அங்கே இல்லை. மாடிப்படிக்கு அடியில் நின்றிருந்தாராம். அவருடைய அக்காதான், என் நாத்தனார், வந்து வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. நான் எடுத்தால் "போனதைப் பேசி என்ன ஆகப்போகுது" என்று டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். அந்த மூக்கு என்னைத் தவிர வேறு யாருக்கும் ஞாபகம் இல்லை. அது பெரிய பாரம். ஒருத்தி தனியாகத் தூக்குகிற பாரம் இல்லை அது.

அதனால் இரண்டாவது முறை நாள் தள்ளிப்போனபோது நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். நகை கேட்கவில்லை, தனியார் ஆஸ்பத்திரி கேட்கவில்லை. அது நம் சக்திக்கு மீறியது என்று எனக்கும் தெரியும். "இந்தத் தடவை நீங்க உள்ள வரணும். என் கூடவே நிக்கணும். நல்லதோ கெட்டதோ, ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கணும்" என்றேன். அவர் என் தலையைத் தடவி, "வராம எங்க போகப் போறேன்?" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ நாள் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

பதிவு செய்யப் போன அன்றைக்கு நான் ரத்தம் எடுக்கிற வரிசையில் நின்றிருந்தேன். புருஷன்மார்களை மட்டும் தனியாக வராந்தாவில் கூப்பிட்டு ஒரு சிஸ்டர் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார். தடித்த குரல், எனக்குச் சத்தம் கேட்டதே தவிர வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வந்தவரிடம் என்ன என்று கேட்டேன். "ஏதோ கிளாஸ் எடுக்கறாங்களாம். ஓசி. வார நாள்ல காலையில. அந்த ரூமைப் பார்த்தேன், கால் உடைஞ்ச பிளாஸ்டிக் சேர், ஒரு பக்கம் குழந்தைங்க கத்துது, ஒரு பக்கம் மாத்திரைக்கு அடிதடி. உன்னை அங்க கொண்டுபோய் உட்கார வைக்க எனக்கு மனசு வரல" என்றார். அப்புறம் இரண்டு நாள் கழித்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் இடத்தில் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்களாம், காசு கொஞ்சம் கூடத்தான், ஆனால் அப்பா எப்படிக் கூட இருக்க வேண்டும் என்பதுதான் பாடமே என்றார். கைக்காசு கரைவதைப் பார்த்தால் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாத மனிதர், இதற்குக் காசு கட்டுகிறேன் என்கிறார். நான் சொந்தமாகத் தையல் மிஷின் வாங்கச் சேர்த்து வைத்திருந்ததைத்தான் எடுத்தோம். சந்தோஷமாகத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

என் அக்காதான் கிடந்து குதித்தாள். அவள் ஒரு சலவைக் கடையில் இஸ்திரிப் பிரிவில் நிற்கிறவள். ஆவியில் நின்று நின்று அவள் பேச்சும் சூடாகத்தான் வரும். "ஏன்டி, பிரசவம் பார்க்கப்போற இடத்துலயே கிளாஸ் எடுக்கறாங்க. அத விட்டுட்டு வேற எங்கயோ காசு கொட்டி எதுக்குப் படிக்கணும்? அந்தக் கிளாஸுக்கு வந்தவங்களத்தான் உள்ள விடுவாங்கன்னு எங்க கடையில ஒருத்தி சொல்றா. அவருக்கு லீவு கிடைக்கலன்னா சொல்லு, நான் வர்றேன். காலையிலதானே, முதலாளிகிட்டச் சொல்லிட்டு வந்துடுவேன்."

அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்தே அவரிடம் கேட்டேன். அவர் நிமிரவில்லை. "எந்தக் கிளாஸுக்குப் போனாலும் விடுவாங்க. நான் கேட்டுட்டேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது உங்க அக்கா எதுக்கு? உனக்கு என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். நான் அக்காவுக்கு போன் செய்து, நீ ஒன்றும் வர வேண்டாம், அவர் எல்லாம் கேட்டுவிட்டார் என்றேன். "கேட்டுட்டாரா? சரிம்மா. உன் புருஷன் இருக்கார், உனக்கென்ன குறை" என்று வைத்துவிட்டாள். அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது.

காசு கட்டிய வகுப்பு ஒரு ஃபர்னிச்சர் கடைக்கு மேல்மாடியில். செருப்பைக் கழற்றி வைக்கத் தனி அலமாரி, தரையெல்லாம் மெத்தை, எங்கிருந்தோ தண்ணீர் ஓடுகிற சத்தம். அது ஓடுவது ஒரு பெட்டிக்குள் என்று இரண்டாம் வாரம்தான் தெரிந்தது. டீச்சர் நல்ல பெண்மணிதான். அவர் சொல்லிக்கொடுத்தது எதுவும் பொய்யும் இல்லை. மூச்சு, நடை, எப்படித் திரும்பிப் படுப்பது, எந்த வலிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், எதற்கு ஓட வேண்டாம், எல்லாம் பொறுமையாகச் சொன்னார். மற்ற புருஷன்மார்கள் பொம்மைக்கு டயபர் மாட்டச் சொன்னால் தலைக்கு மாட்டுகிற ரகம். என் கணவர் முதல் நாளே ஒரு தரம் பார்த்தார், மறு தரம் செய்தார், மூன்றாம் தரம் பக்கத்து மெத்தைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தார். பொம்மையின் கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்து அவர் தூக்கிய அழகைப் பார்த்துவிட்டு அங்கே ஒரு பெண் தன் புருஷனை முறைத்தாள். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. இப்படிப்பட்டவர் முதல் தடவை ஏன் மாடிப்படிக்கு அடியில் நின்றார் என்று நினைத்து, தெரியாததால் நின்றார், தெரிந்திருந்தால் வந்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் வாரம் வகுப்பு முடிந்ததும் டீச்சர் எங்களை மட்டும் நிறுத்தினார். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வகுப்பு இலவசமாம். அது பிடித்தால்தான் மீதிக்குக் காசு கட்டிச் சேருவார்களாம். அந்த முதல் வகுப்பில் நாங்கள் இரண்டு பேரும் வந்து காட்ட முடியுமா, அப்படி வந்தால் மீதிப் பணம் கட்ட வேண்டாம் என்றார். "ஆம்பளைங்க நான் சொன்னா கேக்க மாட்டாங்க. உங்க வீட்டுக்காரர் சொன்னா கேப்பாங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என் கணவர் முகம் மலர்ந்த மலர்ச்சி! கல்யாணத்தன்று எடுத்த படங்களில்கூட அதைப் பார்த்ததில்லை. இப்படித்தான் காசு கட்டிய வகுப்பு எங்களுக்கு ஓசி வகுப்பானது. ஞாயிறுதோறும் காலையில் ஊராருக்கு டெமோ, மதியம் எங்களுக்குப் பாடம்.

நான் டெமோ சாமான். அதைக் குறையாகச் சொல்லவில்லை; அந்த வகுப்பில் அவர் கை என் முதுகில் இருந்த நேரம் வரையில் எனக்கு உண்மையாகவே இதமாக இருந்தது. நாலு பேர் பார்க்க வேண்டியிருந்தாலும் சரி, கை அவர் கைதானே. ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, அந்த மாதிரி கொஞ்சம் அழுத்தி விடுங்களேன்" என்றேன். வந்தார். செல்போனை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் இரண்டு அழுத்து அழுத்தினார். விரலால். "இன்னிக்குக் கடையில ஒரே கூட்டம். நின்னு நின்னு எனக்குக் கால் விட்டுப்போச்சு" என்று போய்ப் படுத்துக்கொண்டார். நான் சுவரையே பிடித்துக்கொண்டு நின்றேன். டெமோவுக்கு வைத்த மிஷினை வீட்டுக்கு எடுத்துப்போக விட மாட்டார்களே என்று எனக்குள் ஒரு சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

அவர் கல்நெஞ்சக்காரர் என்று யாரும் நினைக்கக் கூடாது. இன்னொரு நாள், சாயங்காலம், குழந்தை வெகு நேரமாக அசையாத மாதிரி எனக்கு ஒரு பயம். சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவர் பொத்தானைப் பிடித்தபடி அப்படியே நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், இடது பக்கம் ஒருக்களித்துப் படு, அசைவைக் கவனி, சந்தேகம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்று. அவரே எத்தனை பேருக்குச் சொன்ன பாடம். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். ஆட்டோ கூப்பிடப் போயிருக்கிறார் என்று நான் பையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் ஓர் உதை விழுந்தது, அப்புறம் தொடர்ந்து இரண்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனையில், மூடிக்கிடந்த கடையின் ஷட்டருக்குப் பக்கத்தில் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஆட்டோக்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. அவர் எதையும் நிறுத்தவில்லை. நான் ஜன்னலில் இருந்தே கையைத் தட்டி, அசைகிறது என்று சைகை காட்டினேன். அப்போதுதான் வந்தார். வந்ததும், "பயப்படக் கூடாது, ரிலாக்ஸா இருக்கணும்" என்று எனக்குச் சொன்னார். நான் அதற்கும் ஓர் அங்குலம் விட்டேன்.

வலி எடுத்தது ஒரு வேலை நாள், மதியம். கடையில் ஒருவருக்குக் கால் நீளம் பிடித்துக்கொண்டிருந்தேன். குனிய முடியாததால் வாடிக்கையாளர்களை ஸ்டூல் மேல் ஏறி நிற்கச் சொல்வது அப்போது வழக்கமாகியிருந்தது. ஸ்டூல் மேல் நின்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேன்ட்டில் குத்திய ஊசிகளோடேயே குதித்து இறங்கி ஆளைக் கூப்பிட ஓடினார். என் கணவர் அவர் கடையில் இருந்து வந்து சேர்ந்தார். வண்டியில் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கைதான் ஈரமாக இருந்தது. அக்காவுக்குச் சொல்லிவிடுங்கள் என்றேன். சொன்னார். "ஒண்ணும் அவசரமில்லீங்க, முதல் வலிதான், நான் இருக்கேன்ல, நீங்க வேலையை முடிச்சுட்டு சாயங்காலமா வாங்க" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. வலியின் நடுவிலும், எவ்வளவு பதற்றமில்லாமல் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

பிரசவ வார்டின் வாசலில் வளையல், செருப்பு, செல்போன் எல்லாவற்றையும் கழற்றி அவர் கையில் கொடுக்கச் சொன்னார்கள். பச்சைக் கவுனை மாட்டிக்கொண்டு வந்தேன். அவர் ஒரு கையில் என் சாமான்கள், இன்னொரு கையில் ஞாயிறு வகுப்பு முடிவில் கொடுத்த, லேமினேஷன் போட்ட சான்றிதழ், இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு வராந்தாவில் கேட்ட அதே தடித்த குரல் சிஸ்டர்தான் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். "துணைக்கு யாரு?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

சிஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இவர் நம்ம கிளாஸுக்கு வந்த ஆளில்லையே. கிளாஸுக்கு வந்த முகம் ஒண்ணுகூட எனக்கு மறக்காது."

அவர் சான்றிதழை நீட்டினார். சிஸ்டர் அதைத் தொடவில்லை. "இது எங்கயோ வெளியில படிச்சது. உள்ள எந்தக் கட்டில் எங்க இருக்கு, எங்க நிக்கணும், எதைத் தொடக் கூடாது, எப்ப சொன்னா வெளியில போகணும், இதெல்லாம் நம்ம கிளாஸுல வந்து பழகினவங்களத்தான் நான் உள்ள விட முடியும். பதிவு போட்ட அன்னிக்கே இந்த வராந்தாவுல வச்சு எல்லாருக்கும் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. நீங்ககூட கேட்டீங்களே சார், வேற இடத்துல கிளாஸ் போனா விடுவீங்களான்னு. மாட்டோம்னு சொன்னேன்ல?"

நான் என் கணவர் முகத்தைப் பார்த்தேன். பொய் வெளியே வந்துவிட்டதே என்கிற கலவரம் ஒரு நொடி இருந்தது. அது போனதும் வந்ததைத்தான் நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். முகம் அப்படியே தளர்ந்தது. அளவெடுத்து முடித்து டேப்பைச் சுருட்டியதும் எக்கின வயிற்றை விடுவார்களே, அந்தத் தளர்ச்சி. அவர் கேட்டுத்தான் இருக்கிறார். எந்த வகுப்புக்குப் போனால் உள்ளே விட மாட்டார்கள் என்று விசாரித்து, தெரிந்துகொண்டு, அதற்குக் காசு கட்டியிருக்கிறார். என் மிஷின் காசு. அக்காவையும் சேர்த்துத் தடுத்திருக்கிறார். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும், அந்தக் கைதட்டலும், என் முதுகில் இருந்த கையும், எல்லாமே இந்தக் கதவுக்கு வெளியே நிற்பதற்காக. "நான் என்ன பண்ணட்டும், ரூல்ஸ் அப்படி இருக்கு" என்றார் என்னிடம். அவரிடம் எதுவும் சொல்ல வலி விடவில்லை. கதவு மூடிக்கொண்டது.

உள்ளே வரிசையாகக் கட்டில்கள், நடுவில் திரைச்சீலை. எனக்கு அடுத்த கட்டிலில் ஒருத்தியின் அம்மா அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மேல்மாடி டீச்சர், கத்தினால் சக்தி வீணாகும், கத்தாமல் மூச்சு விடுங்கள் என்று சொல்லிக்கொடுத்திருந்தார். நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். வலிக்குக் கத்தினது கொஞ்சம், ஆத்திரத்துக்குக் கத்தினது மிச்சம். முதல் பிள்ளையைச் சுற்றிய துணியின் நிறம் கண்ணுக்குள் வந்து வந்து போனது. இதுவும் அழாவிட்டால் என்ன செய்வேன், யாரிடம் காட்டுவேன், அது ஒன்றுதான் மனதில் ஓடியது. சிஸ்டர் வந்து நாடியைப் பார்த்தார், வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார். "நல்லாத் துடிக்குது. எதுக்கு இந்த அழுகை?"

"முதல் குழந்தை இங்கதான் சிஸ்டர். அழவே இல்லை. நான் தனியா இருந்தேன்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என் மணிக்கட்டைப் பிடித்தபடியே நின்றார். அப்புறம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார். "டியூட்டி டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் பார்த்துக்கறேன். இரு, உன் வீட்டுக்காரரை ஒரு கவுனை மாட்டி உள்ள கூட்டிட்டு வரேன்."

அந்த நிமிஷத்தில் நான் அவரை மன்னித்துவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. வந்தால் போதும், கையைப் பிடித்தால் போதும், மற்றதெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று என் கண் கதவிலேயே இருந்தது. சிஸ்டர் கதவைத் திறந்து, ஒரு காலால் அதைத் தடுத்துப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தார். என் கணவரின் குரல் உள்ளே வந்தது. கடைக் குரல். அங்கே காத்திருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "உள்ளங்கையாலதான் அழுத்தணும். அவங்க போதும்னு சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது." யாரோ, "எங்க சார் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்கள்.

சிஸ்டர் அவரைக் கூப்பிட்டு மெதுவாக ஏதோ சொன்னார். பேச்சு நின்றது. அப்புறம் அவர் குரல், மிகவும் மரியாதையாக, எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது. "வேணாம் சிஸ்டர். ரூல்ஸ்னா எல்லாருக்கும் ரூல்ஸ்தான். எனக்காக நீங்க மாத்தினா நாளைக்கு உங்களுக்குத்தான் கெட்ட பேரு. நான் இங்கயே இருக்கேன்."

"கரெக்ட் சார்" என்றது ஒரு குரல்.

கதவு மூடியது. சிஸ்டர் திரும்பி வர, நடக்க வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் என் தலையணையைச் சரி செய்தார். "உன் வீட்டுக்காரர் டீ குடிக்கப் போயிருக்காராம்மா. வந்ததும் கூப்பிடறேன்" என்றார். அந்தத் தடித்த குரலுக்குப் பொய் சரியாக உட்காரவில்லை.

"சரி சிஸ்டர்" என்றேன். அடுத்த வலிக்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி கிடைத்தது. "எங்க அக்காவைக் கூப்பிடுங்க."

"கிளாஸுக்கு வந்திருக்காங்களா?"

"இல்லை. சலவைக் கடையில நிப்பா. வர வேணாம்னு நான்தான் சொன்னேன். இப்ப கூப்பிட்டா ஓடி வருவா."

சிஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு ட்ரேயில் இருந்த பிளாஸ்திரிச் சுருளில் ஒரு துண்டைக் கிழித்து, என் கட்டிலின் இரும்புக் கம்பியில் ஒட்டினார். சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்தார். "நம்பரைச் சொல்லு."

என் செல்போன் கணவரிடம் இருந்தது. அக்காவின் நம்பரை நான் மனதில் இருந்து எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் எண்ணாகச் சொன்னேன், சிஸ்டர் பெரிய பெரிய எழுத்தில் எழுதினார். பாதியில் வலி எழுந்து இடுப்பைப் பிடித்தது. எண்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து போயின. வெளியே அவர் குரல் மறுபடி தொடங்கியிருந்தது, யாரோ சிரித்தார்கள்.

"மிச்சம்?" என்றார் சிஸ்டர்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளைப் பிளாஸ்திரியில் பாதி நம்பர் நீலமாக இருந்தது. மீதி இடம் காலியாக இருந்தது. பேனா முனை அதைத் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றது.